காற்றில் கரையும் குற்றம்

நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். 21 விழுக்காடு ஆக்சிஜன். இவ்விரு வாயுக்களும் ஊழிக்காலமாய் அருகருகே கலந்திருந்தும் ஒன்றையொன்று தீண்டுவதில்லை. ஒரே கூரையின்கீழ்க் குடியிருந்தும் பேச்சுவார்த்தை அற்றுப்போன இரு குடும்பங்களைப் போல அவை வாழ்கின்றன. அவற்றைச் சேர்த்துவைக்கக் கடும் வெப்பம் வேண்டும். மின்னல் வெட்டும்போது அது நேர்கிறது. அவ்வாறு பிறந்த பொருள் மழையோடு மண்ணில் இறங்கிப் பயிருக்கு உரமாகிறது. ஊர்தியின் என்ஜினுக்குள் டீசல் எரியும்போதும், அனல்மின் நிலையத்தின் கொதிகலனில் நிலக்கரி எரியும்போதும், நம் வீட்டு எரிவாயு அடுப்பின் நீலச் சுடரிலும் அதே சேர்க்கை சிறிதும் பெரிதுமாய் நிகழ்கிறது. முதலில் பிறப்பது நைட்ரிக் ஆக்சைடு. அது வெளிக்காற்றில் கலந்ததும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்னும் செம்பழுப்பு வாயுவாக மாறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்தே நைட்ரஜன் ஆக்சைடுகள் என்கிறோம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கந்தகப் புகை எரிபொருளில் உள்ள கந்தகத்திலிருந்து வருகிறது. ஆகவே எரிபொருளைத் தூய்மைப்படுத்தினால் அது குறையும். நைட்ரஜன் ஆக்சைடு அப்படியன்று. எவ்வளவு தூய எரிபொருளை எரித்தாலும், எரிவதற்கு உதவும் காற்றிலிருந்தே இது பிறந்துவிடும். தீயை மூட்டும் எவரும் இதிலிருந்து முற்றாக விலகி நிற்க இயலாது. நாம் கேட்க எண்ணும் அறநெறிக் கேள்வி இந்த இயற்கை உண்மையிலிருந்தே தொடங்குகிறது.

இவ்வாயு செய்யும் தீங்கு பலவகைப்பட்டது. மூச்சுக்குழலை அழற்சியுறச் செய்து ஆஸ்துமாவைக் கிளறிவிடுகிறது. நுரையீரல் நோய்த்தொற்றை எதிர்க்கும் ஆற்றலைக் குறைக்கிறது. கதிரவன் ஒளியில் பிற ஆவிகளோடு வினைபுரிந்து தரைமட்டத்தில் ஓசோனைத் தோற்றுவிக்கிறது. மழைநீரில் அமிலமாய் இறங்குகிறது; நுண்துகளாகவும் மாறி மிதக்கிறது. 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் தாளாமல், பகைவர் நச்சுவாயுவை ஏவிவிட்டனரோ என்று அஞ்சினர். போர்க்காலம் அது, அச்சம் இயல்பே. பகைவர் எவரும் வரவில்லை. அன்னாசிப்பழத்தின் நறுமணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலறிஞர் 1950-களின் தொடக்கத்தில் விடை கண்டார். ஊர்திகளும் எண்ணெய் ஆலைகளும் உமிழ்ந்த ஆவிகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சமைந்து உருவான புகை அது. நகரம் தேடிய பகைவன் நகரத்தாரின் கார்க் கொட்டகைகளிலேயே இருந்தான்.

இவற்றைக் கேட்கும்போது, இப்படியொரு நச்சைப் படைப்பில் வைத்தது ஏன் என்று சிலர் வினவக்கூடும். அந்த வினாவுக்கு அறிவியலே வியத்தகு விடையொன்றை வைத்திருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு நம் உடலுக்குள்ளேயே சுரக்கிறது. குருதிக்குழாய்களைத் தளரச் செய்து ஓட்டத்தைச் சீராக்கும் தூதன் அதுவே. இதைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் மூவருக்கு 1998-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. நெஞ்சுவலிக்காரர் நாவின்கீழ் வைத்துக்கொள்ளும் மாத்திரை உடலுக்குள் விடுவிப்பதும் இதையே. மார்பில் உயிர்காக்கும் பொருள் தெருவில் மூச்சை அடைக்கிறது. தீமை என்பது தனித்த ஒரு பொருளன்று. நன்மை தன் ஒழுங்கிலிருந்து பிறழ்ந்து குறைபட்ட நிலையே அது என்று புனித அகுஸ்தீனார் மானிக்கேயருக்கு எதிராக வலியுறுத்தினார். பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒரு வாயு அவருக்குச் சான்று கூறுகிறது என்றால் மிகையாகாது.

ஒழுங்கு பிறழ்ந்தது எனில், பிறழச் செய்தவர் யார்? ஒருவன் மற்றொருவனைக் கல்லால் அடித்தால் கல்லும் கையும் காயமும் தெரிகின்றன. காயின் குற்றத்தில் ஆபேலின் குருதி படிந்த நிலம் ஒன்றிருந்தது. இலட்சக்கணக்கான புகைக்குழாய்களிலிருந்து சிறுசிறு அளவில் வெளியேறி, காற்றில் கலந்து, முன்பின் அறியாத ஒரு குழந்தையின் நுரையீரலைச் சென்றடையும் தீங்குக்கு யாரைக் கூண்டில் நிறுத்துவது? எல்லாரும் சிறிதளவு செய்தது எவரும் செய்யாததாகிவிடுமா?

இக்கேள்வியைத் தெளிவாக எண்ணிப் பார்ப்பதற்கு 2015-ஆம் ஆண்டு உலகறிந்த நிகழ்ச்சியொன்று உதவுகிறது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் தன் டீசல் கார்களைத் தூய டீசல் என்று அமெரிக்காவில் விளம்பரப்படுத்தி விற்றுவந்தது. டீசல் என்ஜினில் ஓர் இக்கட்டு உண்டு. அது சூடாக, சிக்கனமாக எரிந்தால் கரிப்புகை குறையும். நைட்ரஜன் ஆக்சைடு கூடும். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தினால் கரி கூடி வடிகட்டி விரைவில் அடைபடும். யூரியாக் கரைசலைத் தெளித்து வாயுவை முறிக்கலாம். அதற்குத் தனித் தொட்டியும் செலவும் வேண்டும். இந்த இக்கட்டை நேர்மையாகத் தீர்ப்பதற்குப் பதில் மென்பொருள் ஒன்று எழுதப்பட்டது. திசைமாற்றும் சக்கரம் அசையாதிருத்தல், வேகத்தின் போக்கு முதலிய குறிப்புகளைக் கொண்டு, கார் இப்போது ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்படுகிறதா, சாலையில் ஓடுகிறதா என்பதை அது உணர்ந்துகொள்ளும். சோதனையெனில் மாசுக்கட்டுப்பாடு முழுமையாக இயங்கும். சாலையெனில் தளர்ந்துவிடும். சட்டம் அனுமதித்ததைப் போல 40 மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடு சாலையில் வெளியேறிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் ஊர்திகளில் இம்மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை அறிவித்த நாள் 2015 செப்டம்பர் 18. திருத்தந்தை பிரான்சிசின் ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடல் வெளியானது அதே ஆண்டு ஜூன் 18. சரியாக மூன்று மாத இடைவெளி. போக்குவரத்தால் எழும் மாசு ஏழைகளின் உடல்நலத்தைக் குலைப்பதை அம்மடல் தன் முதல் அதிகாரத்திலேயே சுட்டியிருந்தது.

கள்ளத் தராசு ஆண்டவருக்கு அருவருப்பு என்பது நீதிமொழிகள் நூலின் நிலைப்பாடு. அளக்கும் படியைச் சுருக்கியும் நிறுக்கும் கல்லின் கனத்தைக் கூட்டியும் ஏழையை ஏய்த்த வணிகரை ஆமோஸ் இறைவாக்கினர் கடிந்துரைத்தார். அளக்கும்போது ஒரு முகமும் அளவு முடிந்ததும் வேறொரு முகமும் காட்டும் இந்த மென்பொருளை அவர் கண்டிருந்தால் உடனே இனம் கண்டிருப்பார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆமோசின் சந்தையில் ஏமாற்றப்பட்டவன் கூடையோடு கடைக்கு முன் நின்றான். இங்கே கார் வாங்கியவர் ஏமாற்றப்பட்டார் என்பது மெய். ஆனால் மெய்யாகவே இழப்புற்றவர் அந்தச் சந்தைக்கே வராதவர். சாலையோரம் குடியிருந்தவர், தெருவில் நடந்தவர். அவருக்கும் விற்றவருக்கும் இடையே ஒப்பந்தம் ஏதுமில்லை. ஒரு காசும் கைமாறவில்லை.

இத்தகைய பொறியில் எத்தனை கைகள் பட்டிருக்கும்! ஒருவர் நெருக்கியிருப்பார், ஒருவர் வடிவமைத்திருப்பார், ஒருவர் கையொப்பமிட்டிருப்பார், பலர் அறிந்தும் அறியாதவர்போல் மாலையில் வீடு திரும்பியிருப்பர். இங்கேதான் புனித தோமா அக்குவினார் நமக்குக் கைகொடுக்கிறார். பிறருக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் யாவர் என்று தம் இறையியல் பெருநூலில் ஆராயும் அவர், திருடியவனை மட்டும் நிறுத்திவைத்துக் கேட்கவில்லை. கட்டளையிட்டவன், ஆலோசனை சொன்னவன், இசைந்தவன், புகழ்ந்து ஊக்கியவன், ஒளிந்துகொள்ள இடம் தந்தவன், பங்கெடுத்தவன் என்று வரிசையாக அழைக்கிறார். அதன்பின் கை எதையும் செய்யாத மூவரையும் அழைக்கிறார். வாய்திறவாதவன், தடுக்காதவன், வெளிப்படுத்தாதவன் ஆகியோர் அவர்கள். எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் கண்மூடித்தனம் அவரிடம் இல்லை. மௌனம் காத்தவர் அனைவரும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் அல்லர். தடுக்கும் பொறுப்பு யாருக்கு உண்டோ, தடுக்கும் ஆற்றலும் யாருக்கு இருந்ததோ அவரையே அது கட்டும் என்று வரையறுக்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் துறவி எழுதியதை 21-ஆம் நூற்றாண்டுத் தொழிற்சாலையின் கதவில் ஒட்டிவைக்கலாம் போலிருக்கிறது.

உலக நீதிமன்றங்கள் மெதுவாக நடந்தன. நிறுவனம் 2017-இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 430 கோடி டாலர் தண்டம் செலுத்த இசைந்தது. அதே ஆண்டில் பொறியாளர் ஒருவர் 40 மாதமும், மேலாளர் ஒருவர் 7 ஆண்டும் சிறைத்தண்டனை பெற்றனர். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றம் முன்னாள் அலுவலர் நால்வரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தபோது 2025 மே மாதம் ஆகிவிட்டது. கவனித்துப் பார்த்தால், இத்தண்டனைகள் பெரும்பாலும் பொய்யுரைத்ததற்காகவும் ஏய்த்ததற்காகவும் வழங்கப்பட்டவை. ஒருவருடைய மூச்சு நின்றதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

மூச்சு நின்றதா? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தையும் ஹார்வர்டையும் சார்ந்த ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு கணக்கிட்டனர். அமெரிக்காவில் விற்கப்பட்ட 4 இலட்சத்து 82 ஆயிரம் கார்கள் 2008 முதல் 2015 வரை கூடுதலாக உமிழ்ந்த மாசினால் ஏறத்தாழ 59 பேர் காலத்துக்கு முன்னரே இறந்திருப்பர் என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்த 59 பேரின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்தம் வீட்டாருக்கும் தெரியாது. மாரடைப்பு என்றோ, மூச்சுக்கோளாறு என்றோ சான்றிதழ் பெற்று நல்லடக்கம் முடித்திருப்பர். கொல்லப்பட்டவர் உண்டு, யாரென்று சொல்ல இயலாது. கொன்றவரும் தாம் கொன்றதை அறியார். மனித வரலாற்றில் இத்தகைய கொலை புதிது என்று நமக்குத் தோன்றுகிறது. பழைய அறநெறி நூல்கள் இதற்குப் போதா என்று கூறுவோரும் உளர். நாம் அவ்வளவு விரைந்து அவற்றை மூடிவைக்க மாட்டோம்.

இழப்புற்றவர் யாரென்றே தெரியாதபோது எவ்வாறு ஈடுசெய்வது என்ற வினாவையும் தோமையார் எழுப்பியிருக்கிறார். இயன்றவரை செய்ய வேண்டும், அவர் உயிரோடிருப்பினும் இறந்திருப்பினும் அவருடைய ஆன்ம நலனுக்காக ஏழைகளுக்கு அறம் புரியலாம் என்பது அவர் தரும் விடை. ஆளைக் காணவில்லை என்பதால் கடன் தீர்ந்துவிடுவதில்லை. ஃபோக்ஸ்வேகன் வழக்கின் உடன்பாடும் இதையே வேறு மொழியில் செய்தது. ஏறத்தாழ 290 கோடி டாலரில் ஓர் அறக்கட்டளை நிதி நிறுவப்பட்டு, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் பணிகளுக்கு மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பழைய டீசல் பள்ளிப் பேருந்துகளை அகற்றிப் புதியன வாங்க அதிலிருந்து பணம் சென்றது. பெயரறியாத ஒருவருக்குப் பட்ட கடன், பெயரறியாத ஒரு பிள்ளையின் பள்ளிப் பயணத்தில் செலுத்தப்பட்டது. இறையியல் பயின்ற எவரும் அந்த உடன்பாட்டை எழுதியிருக்க வேண்டியதில்லை. நீதியுணர்வு தன் வழியைத் தானே கண்டுகொண்டது.

இதுவரை கயவரைப் பற்றிப் பேசினோம். கயவரைப் பற்றிப் பேசுவது எளிது. மனத்துக்கு ஓரளவு இன்பமும் தரும். கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. ஏமாற்று மென்பொருள் ஏதுமின்றி, சட்டம் வகுத்த அளவுக்குள் புகைவிடும் கோடிக்கணக்கான ஊர்திகள் உள்ளனவே. அவற்றுள் நம்முடையதும் ஒன்றாயிற்றே.

ஆக்ஸ்ஃபோர்டு மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் 1984-இல் வெளியிட்ட நூலில் ஒரு கற்பனையை முன்வைத்தார். ஆயிரம் வதையாளர், ஆயிரம் கைதிகள். ஒவ்வொரு வதையாளனும் ஒரு பொத்தானை அழுத்துகிறான். அது ஆயிரம் கைதிகளின் வேதனையையும் உணர இயலாத அளவில் மிகச் சிறிதே கூட்டுகிறது. ஆயிரம் பேரும் அழுத்தி முடித்தபோது ஆயிரம் கைதிகளும் துடிக்கின்றனர். தனித்தனியே கேட்டால், நான் எவருடைய வேதனையையும் உணருமளவுக்குக் கூட்டவில்லையே என்று ஒவ்வொருவனும் சொல்ல முடியும், அது பொய்யுமன்று. ஆயினும் அவர்கள் சேர்ந்து செய்தது கொடுமை. ஆகவே ஒவ்வொருவன் செயலும் தவறே என்பது பார்ஃபிட்டின் முடிவு.

நோயுற்ற தாயை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநரை வதையாளனோடு ஒப்பிடலாமா என்று வாசகர் சினம் கொண்டால் அது நியாயமான சினமே. வதையாளனின் நோக்கம் வதைப்பது. ஓட்டுநரின் நோக்கம் காப்பது. இவ்வேறுபாட்டைப் புனித அல்போன்ஸ் லிகோரியார் வழிவந்த நம் ஒழுக்க இறையியல் நன்கு அறியும். தீமையை விரும்பி உடன்படுவது வேறு. விரும்பாமல், தொலைவிலிருந்து, பொருளளவில் மட்டும் துணைநிற்க நேர்வது வேறு. இரண்டாவது, தகுந்த காரணம் இருந்தால் குற்றமாகாது. ஆனால் அந்தச் சலுகையின் சுமையை நாம் மறந்துவிடுகிறோம். தகுந்த காரணம் உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள அது நம்மைக் கடமைப்படுத்துகிறது. மருத்துவமனைக்கு ஓடுவதற்குக் காரணம் உண்டு. பிழைப்புக்காக ஆட்டோ ஓட்டுவதற்குக் காரணம் உண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்து உறவினரோடு பேசி முடிக்கும்வரை ஆலய வாயிலில் என்ஜினை அணைக்காமல் நிறுத்தி வைப்பதற்கு என்ன காரணம்? குளிர்சாதனம் நின்றுவிடும் என்பதே. அந்தப் புகையை முதலில் உள்வாங்குபவர் வாயிலில் மெழுகுதிரி விற்கும் மூதாட்டி. அவரிடம் கார் இல்லை.

கார் இல்லாதவரே மிகுதியாகச் சுவாசிக்கிறார் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. பெருஞ்சாலையை ஒட்டியே இவ்வாயு அடர்ந்திருக்கும். சில நூறு மீட்டர் தள்ளிச் சென்றால் வெகுவாகக் குறையும். அந்தச் சாலையோரத்தில் இருப்பவர் யார், தள்ளி இருப்பவர் யார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

சட்டம் வகுத்த அளவும் இறைவாக்கன்று. ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் நைட்ரஜன் டை ஆக்சைடு என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு வழிகாட்டல். அதே நிறுவனம் 2021-இல் அதை 10 எனக் குறைத்தது. இந்தியாவில் 2009-இல் வகுக்கப்பட்ட பொதுத் தரநிலை 40. புதிய டீசல் கார்களுக்கான வரம்பு 2020 ஏப்ரல் முதல் கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாக இறக்கப்பட்டது பாராட்டத்தக்கது. ஆனால் நாம் கண்ணாடியில் ஒட்டிவைத்தோ பெட்டிக்குள் மடித்தோ காக்கும் மாசுச் சான்றிதழ் இருக்கிறதே, அதற்கான சோதனையில் பெட்ரோல் ஊர்தியின் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், டீசல் ஊர்தியின் புகையடர்த்தியுமே பார்க்கப்படுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதில்லை. அத்தாளைக் காட்டி நாம் காவலரிடம் விடுபடலாம். மனச்சான்றிடம் அது செல்லாது.

சமூகப் பாவம் என்பது தனியாள் பாவங்கள் பல திரண்டு உறைந்ததே என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1984-இல் வெளியிட்ட, ஒப்புரவையும் தவத்தையும் பற்றிய ஊக்கவுரையில் விளக்கினார். சோம்பலாலும் அச்சத்தாலும் மௌனத்தாலும் தீமையைத் தடுக்கத் தவறியவர்களையும் அவர் அதில் சேர்த்தே எண்ணினார். திருப்பலியின் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டி அறிக்கையிடும்போது கடமையில் தவறியதையும் சேர்த்தே சொல்கிறோம். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு அடுத்த செபத்துக்குத் தாவுவது நம் பழக்கமாகிவிட்டது.

இலண்டன் மாநகரின் தென்கிழக்கில், ஊர்திகள் நெருங்கி ஓடும் தெற்கு வட்டச் சாலைக்கு மிக அருகில் ஒரு சிறுமி வாழ்ந்தாள். பெயர் எல்லா. நம் மொழியில் அச்சொல் தரும் பொருளை அவளுடைய பெற்றோர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. கடும் ஆஸ்துமாவால் துன்புற்று, மூன்றாண்டுக்குள் பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் தன் 9-ஆம் வயதில் இறந்தாள். 2014-இல் நடந்த முதல் விசாரணை மூச்சுத் திறனிழப்பே காரணம் என்று முடித்துக்கொண்டது. தாய் விடவில்லை. உயர்நீதிமன்றம் அம்முடிவை 2019-இல் நீக்கியது. மறுவிசாரணையின் முடிவில், 2020 டிசம்பரில், மரண விசாரணை அலுவலர் பிலிப் பார்லோ தம் தீர்ப்பைக் கூறினார். காற்று மாசு இச்சிறுமியின் இறப்புக்குக் குறிப்பிடத்தக்க அளவில் காரணமாயிற்று. அவள் வாழ்ந்த இடத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடு சட்ட வரம்பையும் உலக நலவாழ்வு நிறுவன வழிகாட்டலையும் மீறியிருந்தது. அதைக் குறைக்க அரசு தவறியது. பிரித்தானியாவில் ஒருவரின் இறப்புக் காரணத்தில் காற்று மாசு இடம்பெற்றது அதுவே முதல் முறை. 59 பேருக்கும் கிடைக்காத பெயரும் காரணமும் இந்த ஒரு பிள்ளைக்குக் கிடைத்தன.

அவ்விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கிறது. அத்தனை முறை மருத்துவமனைக்கு அலைந்தபோதும், வீட்டருகே உள்ள சாலையின் காற்றைப் பற்றி அந்தத் தாயிடம் எவரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வீட்டை மாற்றியிருப்பேன் என்று அவர் கூறினார். மருத்துவர்கள் கெட்டவர்கள் அல்லர். தம் கடமையை அறிந்தவரை செய்தவர்களே. ஆயினும் தோமையாரின் வரிசையில் கடைசியாக நிற்பவனை, அந்த வெளிப்படுத்தாதவனை, நாம் இங்கே மீண்டும் எதிர்கொள்கிறோம். மாசின் தீங்கை நோயாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் மருத்துவத் துறையினர் எடுத்துரைக்க வேண்டும் என்று பார்லோ 2021-இல் தம் அறிக்கையில் எழுதினார்.

இதை வாசிப்போருள் மருத்துவரும் செவிலியரும் இருப்பீர்கள். பள்ளி ஆசிரியர்களும் இருப்பீர்கள். இழுப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம், அம்மா, உங்கள் வீடு எந்தச் சாலையில் இருக்கிறது என்று கேட்பதற்கு அரை நிமிடமே ஆகும்.